சைக்கிள் திருத்தக் கொடுக்கும்போது

 

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு மூன்று தடவை படித்தேன். வவுனியாவுக்கு வடக்கே, புளியங்குளம் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூத்த மகள் ஒன்பதாம் ஆண்டில் படிக்கிறாள். தினமும் சைக்கிளில், ஏ-9 வீதி வழியாகப் பாடசாலைக்குப் போய் வருகிறாள். மூன்று மாதத்தில் நான்கு தடவை சைக்கிளைத் திருத்தக் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் பணம் போகிறது, கோளாறு போகவில்லை. ஒரு நாள் காலை, வீதியில் ஏறும் இடத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பஸ். பிள்ளை சைக்கிளைக் கானுக்குள் விட்டுத் தப்பியிருக்கிறாள். முழங்கையில் காயம். அல்லாஹ் காப்பாற்றினான். "ஹஸ்ரத், இதை மார்க்கப் பகுதியில் கேட்கலாமோ தெரியாது. நல்ல சைக்கிள் கடையை ஒரு பெண் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

தாராளமாகக் கேட்கலாம் சகோதரி! உயிரைப் பேணுவது மார்க்கம். பணத்தை வீணாக்காமல் இருப்பது மார்க்கம். ஒருவரிடம் வேலை வாங்குவதும் கூலி கொடுப்பதும் நமது ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே இருக்கின்றன. அதிலும் உங்கள் கேள்விக்கு வழிகாட்டியவர் ஒரு பெண்!

மத்யன் நகரத்துப் பெண் சொன்ன இலக்கணம்

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்தபோது, தண்ணீர்த் துறையில் ஆட்டு இடையர் கூட்டம். ஓர் ஓரமாக இரண்டு பெண்கள் தமது ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். தந்தை வயோதிபர். மூஸா (அலை) அவர்கள் அந்த ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். பிறகு அப்பெண்களில் ஒருத்தி தன் தந்தையிடம் இவரைக் கூலிக்கு அமர்த்தும்படி சொன்னாள். காரணமும் சொன்னாள். வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் ஆற்றலும் நம்பிக்கையும் உள்ளவரே என்பது அவள் கருத்து. சூரத்துல் கஸஸ் 26ஆம் வசனத்தில் இது வருகிறது.

இரண்டே தகுதிகள். ஒன்று ஆற்றல், மற்றது அமானிதம். ஆற்றல் மட்டும் உள்ளவன் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டுவான். நல்ல மனம் மட்டும் உள்ளவன் பிரேக்கைப் பிழையாகப் பூட்டி, மன்னிப்புக் கேட்பான். இரண்டும் சேர்ந்தவரைத் தேட வேண்டும். அந்தப் பெண் யாரோ சொன்னதை நம்பிச் சொல்லவில்லை. வேலையைத் தன் கண்ணால் பார்த்த பிறகே சொன்னாள். நாமும் அப்படியே பார்ப்போம்.

ஆற்றலை அறிவது எப்படி?

முதலில், சைக்கிளை நம்பிப் பிழைப்பவரிடம் கேளுங்கள். மீன் கொண்டு வருபவர், தபால்காரர், வயலுக்குப் போகிறவர், தினமும் சைக்கிளில் வரும் ஆசிரியை. இவர்களுக்கு ஒரு நாள் சைக்கிள் நின்றால் ஒரு நாள் பிழைப்பு நிற்கும். கூடாத கடையை அவர்கள் இரண்டாம் தடவை மிதிக்க மாட்டார்கள்.

அடுத்து, சின்ன வேலையொன்றைக் கொடுத்துப் பாருங்கள். ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதே போதும். நல்லவர் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பார். அந்த இடத்தைத் துடைத்து, உரோஞ்சி, பசை பூசி, அது சற்றுக் காய்ந்த பிறகே ஒட்டை வைப்பார். பிறகு மறுபடியும் தண்ணீரில் பார்ப்பார். இவற்றுக்கெல்லாம் மேலாக, ரயரின் உட்புறத்தை விரலால் கவனமாகத் தடவிப் பார்ப்பார். வன்னி மண்ணில் நெருஞ்சி முள்ளுக்குக் குறைவில்லை. முள்ளை எடுக்காமல் ஒட்டை மட்டும் போட்டால் வீடு வந்து சேருமுன் மறுபடி காற்றுப் போய்விடும்.

செயின் அடிக்கடி கழன்றால், அதைத் திரும்ப ஏற்றிவிடுவது திருத்தம் அல்ல. ஏன் கழல்கிறது? செயின் தொய்ந்திருக்கலாம். பல்லுத் தேய்ந்திருக்கலாம். பின் சில்லு நேராகப் பூட்டப்படாமல் இருக்கலாம். காரணத்தைத் தேடுகிறவரே கைதேர்ந்தவர். கீழ்ப்புறச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் சுமார் அரை அங்குலம் அசைய வேண்டும். அதைவிட அதிகமானால் தொய்வு; அசையவே இல்லையென்றால் இறுக்கம் கூட.

புதுச் சைக்கிள் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது பகுதி பகுதியாக வந்து கடையில்தான் பூட்டப்படுகிறது. முன் சில்லைத் தாங்கும் கவையின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். சில இடங்களில் அதைத் திருப்பிப் பூட்டி விடுகிறார்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதை அறியாமல் பலவந்தமாக முறுக்கினால் மரை அழிந்து, பெடல் ஒரு நாள் வீதியில் கழன்று விழும். புதுச் சைக்கிளில் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் கம்பிகளும் நட்டுகளும் சற்றுத் தளரும். "ஒரு மாதம் ஓடிய பிறகு கொண்டு வாருங்கள், இறுக்கித் தருகிறேன்" என்று தானாகச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், அவரை விடாதீர்கள்.

அமானிதத்தை அறிவது எப்படி?

கழற்றிய பழைய சாமானை உங்களிடம் காட்டுகிறாரா? இதை மாற்றத் தேவையில்லை, இன்னும் ஒரு வருடம் ஓடும் என்று சொல்லும் நேர்மை இருக்கிறதா? வேலையைத் தொடுமுன் கூலியைச் சொல்கிறாரா? இந்த மூன்றையும் பாருங்கள்.

கூலி விஷயத்தில் நம்மீதும் பொறுப்பு உண்டு. "செய்யுங்கள், பிறகு பார்த்துத் தருகிறேன்" என்று சொல்வது நமக்குப் பழகிப்போனது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில், துணியைத் தையற்காரரிடம் கூலி பேசாமல் கொடுத்தால் என்ன சட்டம் என்று ஆராய்கிறார்கள். கூலி பேசப்படாததால் அவருக்குக் கூலியே இல்லை என்பது ஒரு சொல். அந்தத் தொழிலுக்கென்றே அறியப்பட்டவராக இருந்தால் கூலி உண்டு என்பது இன்னொரு சொல். இவ்வளவு பெரிய அறிஞர்கள் இடர்ப்பட்ட இடத்தில் நாம் ஏன் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்? முன்கூட்டியே கேட்டுவிட்டால் சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லை.

சிறுவன் ஒருவனிடம் சைக்கிளைக் கொடுத்தனுப்புவதானால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியனுப்புங்கள். எந்தப் பக்கத்தில் சத்தம், எப்போது செயின் கழல்கிறது, எந்த பிரேக் பிடிக்கவில்லை என்று. "சைக்கிள் சரியில்லையாம்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? முடிந்தால் நீங்களே பிள்ளையுடனோ, பக்கத்து வீட்டு ராத்தாவுடனோ போய் நேரில் சொல்லுங்கள். கண்ணியமாக, தேவையான அளவு பேசுவதில் குறையொன்றும் இல்லை. மத்யன் பெண்களும் மூஸா (அலை) அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள்.

கடைக்காரர் நம்மவர் இல்லையே என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். குறைஷிகள் துரத்தும் வேளையில், நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைக்கித் இஸ்லாத்தை ஏற்றிராதவர். பாதையறிந்த வல்லவர், சொன்ன சொல் தவறாதவர். தமது இரண்டு ஒட்டகங்களையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். மூன்று இரவுகள் கழித்து அவர் அவற்றை தவ்ர் குகைக்குக் கொண்டு வந்தார். அந்த நாளின் வாகனம் ஒட்டகம், நமது வாகனம் சைக்கிள். வேறுபாடு அவ்வளவுதான்.

பிள்ளைக்கு அளவான சைக்கிள்

"வளரும் பிள்ளைதானே" என்று இரண்டு வருடத்துக்குப் பிறகு அளவாக வரும் சைக்கிளை இப்போதே வாங்கிக் கொடுக்கிறோம். சட்டையைப் பெரிதாகத் தைத்தால் மடித்து விடலாம். சைக்கிளை மடிக்க முடியுமா? காலெட்டாத பிள்ளை தடுமாறி விழுவது வீதியின் நடுவில்தான்.

பார்க்கும் முறை இலேசானது. பிள்ளையைச் சீற்றில் அமர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்து, நோவு இல்லாமல் ஓட முடியும். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்குச் சீற்றை இன்னும் பதித்து, இரண்டு பாதங்களும் நிலத்தில் ஊன்றும்படி வையுங்கள். சீற்றுக் குழாயில் எல்லைக்கோடு ஒன்று இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. பிரேக்கைப் பிள்ளையின் விரல்கள் எட்டிப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். முழுதாக அழுத்தும்போது அது கைபிடியில் முட்டக் கூடாது. அழுத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளினால் சில்லு உருளக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் பட வேண்டும், ரயரில் படக் கூடாது. இதைத் தாயே தினமும் காலையில் பார்க்கலாம். அரை நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அபாயாவும் நீண்ட பாவாடையும் அணிந்து ஓட்டும் பிள்ளைகளுக்குச் செயினை முழுதாக மறைக்கும் மூடி அவசியம். பின் சில்லின் இரு பக்கமும் வலை பூட்டித் தரச் சொல்லுங்கள். துணி சில்லில் சுற்றினால் சைக்கிள் நின்ற இடத்தில் நின்றுவிடும். பிள்ளை நிற்க மாட்டாள். கரியரில் சின்னத் தம்பியை ஏற்றினால் அவன் குதிக்கால் கம்பிக்குள் போகும் அபாயமும் உண்டு. வலையும், கால் வைக்க ஒரு மிதியும் இருந்தால் அதைத் தடுக்கலாம். அந்தி சாய்ந்து வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்கு முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பானும் வேண்டும்.

திருத்துபவரின் கடன்

வடக்கு மக்களுக்குச் சைக்கிளின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் எரிபொருளும் பட்டறியும் வன்னிக்கு வராமல் தடுக்கப்பட்டிருந்தபோது சைக்கிளே பஸ், சைக்கிளே லொறி. அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தியும் கேட்டார்கள். 2022இல் நாடெங்கும் பெற்றோல் வரிசை நீண்டபோது காரில் போனவர்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். அந்த நாட்களிலெல்லாம் நம்மை ஓட வைத்தவர் மரத்தடியில் கறுத்த கைகளோடு குந்தியிருந்த மனிதர்தான். அவருக்குக் கூலி கொடுப்பதில் மட்டும் நமக்கு மறதி வந்துவிடுகிறது.

என் வாப்பா சைக்கிளில் புடைவை மூட்டை கட்டி வியாபாரம் செய்தவர். அப்போது நாங்கள் முல்லைத்தீவில் இருந்தோம். நெடுங்கேணி, புளியங்குளம் என்று ஊர் ஊராகப் போவார். புளியங்குளம் சந்தியில் சைக்கிள் திருத்திய ஒரு தமிழ்ப் பெரியவரிடம்தான் எப்போதும் கொடுப்பார். 1990 ஒக்டோபரில் ஒரு நாள் பின் சில்லின் அச்சு முறிந்து மாற்றவேண்டி வந்தது. கையில் இருந்த காசு போதவில்லை. "மிச்சத்தை அடுத்த முறை வரேக்க தாங்கோ நானா" என்றாராம் பெரியவர். பாக்கி நாற்பது ரூபா.

அந்த அடுத்த முறை வரவில்லை. அம்மாதக் கடைசியில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டோம். வீடு போயிற்று, புடைவை போயிற்று, அந்தச் சைக்கிளும் போயிற்று. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு வாப்பா அவற்றையெல்லாம் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்த நாற்பது ரூபாவைப் பற்றித்தான் பேசுவார். உயிர்த்தியாகிக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்ற ஹதீஸ் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின் வாப்பாவும் நானும் போனோம். நான் அப்போது அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தேன். 1997இல் ஜெயசிக்குறு படை நடவடிக்கையின்போது புளியங்குளம் பெரும் சண்டைக் களமாக இருந்தது. சந்தியில் அந்தக் கடையும் இல்லை, மரமும் இல்லை. அன்று முழுவதும் விசாரித்தோம். பெரியவரையோ பிள்ளைகளையோ அறிந்தவர் எவரும் கிடைக்கவில்லை. பிறகும் இரண்டு தடவை போய்த் தேடினார். கடைசியில் என் உஸ்தாதிடம் கேட்டோம். உரியவரைத் தேடுங்கள், இல்லையேல் வாரிசுகளைத் தேடுங்கள், நம்பிக்கை அற்றுப்போனால் ஊருக்குப் பொதுவான நன்மையில் செலவிடுங்கள் என்றார். வாப்பா மறுபடியும் புளியங்குளம் போய், திரும்பி வந்த சனங்கள் இறைத்துத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த ஒரு பொதுக் கிணற்றுக்குப் புதுக் கயிறும் வாளியும் வாங்கிக் கொடுத்தார். நாற்பது ரூபாவுக்கு மேல்தான் முடிந்தது. திரும்பி வரும்போது, "இனி ஆரிட்ட வேலை வாங்கினாலும் காசைக் குடுத்திட்டுத்தான் சைக்கிளில ஏற வேணும் மகன்" என்றார்.

கூலிக்காரனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. வாப்பாவுக்கு வந்தது போன்ற தடங்கல் எதுவும் இன்று நமக்கு இல்லை. கடை திறந்திருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், பாதையும் திறந்திருக்கிறது. சைக்கிள் கடையிலோ தையற்கடையிலோ பாக்கி இருந்தால் இந்த இதழை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையிடம் காசைக் கொடுத்தனுப்புங்கள்.

கடிதம் எழுதிய சகோதரியே! நாளைக் காலை மகள் புறப்படுமுன் பிரேக்கை அழுத்திச் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சில்லு உருண்டால் அன்று அவளை நடந்து போகச் சொல்லுங்கள். சைக்கிளை நான் சொன்ன வழியில் விசாரித்து நல்ல கையில் ஒப்படையுங்கள். அதன் பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்புங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குக் காட்டித் தரப்பட்ட முறை.

நம் பிள்ளைகளின் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக! எவருடைய கூலியும் நம் கழுத்தில் பாக்கியாக இல்லாத நிலையில் நம்மைத் தன்னிடம் அழைத்துக்கொள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.