மிதிவண்டிப் பையில் ஒரு சீட்டு

விடியற்காலையில் சிறுவாணிச் சாலையிலும் மருதமலை அடிவாரத்திலும் மிதிவண்டியில் செல்வோர் பலரைக் கோவையில் காண்கிறோம். இருக்கையின் கீழுள்ள சிறு பையில் மாற்று ட்யூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் பசை ஆகியவை இருக்கும். வண்டிக் கம்பியில் தண்ணீர்ப் புட்டியும், சட்டைப் பையில் கடலை மிட்டாயும் இருக்கும். வண்டி பழுதானால் சமாளிக்க எல்லாம் உண்டு. ஓட்டுபவர் விழுந்துவிட்டால்?

நினைவிழந்தவரால் தம் பெயரையும் சொல்ல இயலாது. பூட்டிய கைப்பேசியும் உதவாமல் போகலாம். ஆகவே, அப்பையில் முதலில் இருக்க வேண்டியது ஒரு சீட்டு என்பேன். பெயர், வயது, உறவினர் இருவரின் தொலைபேசி எண்கள், உள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதி, நனையாதபடி உறையிலிடுங்கள். இரத்த வகையையும் குறிக்கலாம். எனினும், இரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனை அதனைச் சோதித்தே உறுதிசெய்யும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர் என்னும் ஒரு வரியோ, தலையில் அடிபட்டவருக்கான சிகிச்சையின் போக்கையே மாற்றவல்லது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் குளுக்கோஸும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

இச்சீட்டை வீட்டிலிருப்போரே எழுதித் தருவது நன்று. மருந்து மாறும்போதெல்லாம் சீட்டையும் மாற்றுங்கள். பழைய சீட்டு தவறாக வழிகாட்டிவிடும். நடைப்பயிற்சிக்குச் செல்லும் முதியவரின் சட்டைப் பையிலும் இத்தகைய சீட்டு இருக்கட்டும். 108 ஊர்தியில் வருவோர் கேட்கும் கேள்விகளுக்கு, நீங்கள் அருகில் இல்லாதபோதும் அது விடை சொல்லும்.