மாணவர் மேசை: நிரல் ஏன் முரண்டு பிடிக்கிறது?



இம்மாதம் வந்த கடிதங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். இரண்டும் கணினியில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் எழுதியவை. நிரல் என்றால் என்ன என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: கணினி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொடுக்கும் கட்டளைகள்தாம் அவை. எழுதிக்கொடுத்தபடியேதான் அது நடக்கும். நாம் மனத்தில் நினைத்தது அதற்குத் தெரியாது.

முதல் கடிதம் பினாங்குத் தீவு, சுங்கை பினாங் வட்டாரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் நான்காம் படிவ மாணவர். தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம். பாட்டியின் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கிறதாம். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைப் புரட்டிப்போட்ட மழையும் வெள்ளமும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏழு உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. அந்த இரவில் பாயை நனைத்த தண்ணீர்தான் பாட்டியை எழுப்பியதாம். அதன் பிறகு வானம் இருட்டினாலே அவருக்குத் தூக்கம் கிடையாது.

பேரன் ஒரு வழி கண்டுபிடித்தார். நீர்ப்பாசன, வடிகால் இலாகா நாடு முழுவதும் ஆறுகளில் அளவு நிலையங்கள் வைத்திருக்கிறது. அவற்றின் நீர்மட்டத்தை மீட்டர் கணக்கில் தன் 'இன்ஃபோ பஞ்சிர்' இணையப் பக்கத்தில் வெளியிடுகிறது. நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு நிலைகள். கால்மணிக்கு ஒருமுறை இணையத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து, ஏறினால் கைத்தொலைபேசியில் மணி அடிக்கும்படி ஒரு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியிருக்கிறார். பாராட்ட வேண்டிய எண்ணம். ஆனால், "நிரல் நன்றாக ஓடுகிறது சார், எப்போது பார்த்தாலும் மட்டம் 0 என்றே காட்டுகிறது, ஆறு வற்றிவிட்டதா?" என்று கேட்கிறார்.

ஆறு வற்றவில்லை தம்பி. ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன் ஆறுகளெல்லாம் மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து அதில்தான் கொட்டுகின்றன. உன் நிரல் பொய் சொல்கிறது. அப்படிச் சொல்லும்படி எழுதிக்கொடுத்தவன் நீயே. 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்ற இரண்டு சொற்களைப் போட்டு, "முயன்று பார், எந்தப் பிழை வந்தாலும் மட்டம் 0 என்று வைத்துக்கொள்" என்று கட்டளை கொடுத்திருக்கிறாய். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்து பயமுறுத்துகிறதே என்று அதன் வாயை அடைத்துவிட்டாய். புதிதாகக் கற்பவர்கள் பலரும் செய்வதுதான்.

பெற்றோருக்கு விளங்கும்படி சொல்கிறேன். பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுகிறார். ஒருவர் குரல் கொடுக்கவில்லை. 'ஆள் வரவில்லை' என்று புத்தகத்தில் குறிப்பது ஒன்று. 'ஆள் வந்தார், பால் 0 கிலோ' என்று எழுதுவது வேறு. முன்னது உண்மை, பின்னது வீண்பழி. உன் நிரல் செய்வது இரண்டாவது.

இதில் விளையாட்டு இல்லை தம்பி. வெள்ளம் வரும் இரவில்தான் மின்சாரம் போகும், இணையத் தொடர்பு அறுபடும், அளவுக் கருவியும் ஊமையாகலாம். ஆக, உன் நிரல் பிழையைச் சந்திக்க மிகவும் வாய்ப்புள்ள இரவும் அதுதான். அந்த நேரம் பார்த்து அது '0, பயமில்லை' என்று சொன்னால் என்ன ஆகும்? இத்தனை வருடம் விழித்திருந்த பாட்டி பேரனை நம்பித் தூங்கிவிடுவார். ஆகவே முதல் வேலையாக அந்த 0-வை எடு. மட்டம் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்லட்டும். தெரியவில்லை என்றாலும் மணி அடிக்கட்டும். இந்த நிரல் அரசாங்க எச்சரிக்கைக்கு மாற்று அல்ல என்பதையும் பாட்டியிடம் சொல்லி வை.

வாயடைப்பை எடுத்ததும் பிழைச் செய்தி நீளமாக வரும். மேலிருந்து படித்துத் தலைசுற்ற வேண்டாம். பைத்தானில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். என்ன நேர்ந்தது என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

அடுத்து, பக்கம் உண்மையில் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கேட்டதும் எதிர்முனைக் கணினி மூன்று இலக்க எண் ஒன்றைத் திருப்பி அனுப்பும். 200 என்றால் கொடுத்தாயிற்று. 404 என்றால் அந்த விலாசத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை; பெரும்பாலும் எழுத்துப்பிழை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறாய், சற்று ஓய்ந்திரு. 500க்கு மேற்பட்ட எண் வந்தால் கோளாறு அவர்கள் பக்கம். 403 என்றால் உனக்குக் கொடுக்க மாட்டேன் என்று பொருள். இதற்கு, உலாவிபோல் வேடம் போட்டுப் போகும் வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள். நான் சொல்லித் தர மாட்டேன். வேலிக்குள் நுழைவதைவிட வாசல் எங்கே என்று தேடுவது மேல். நம் நாட்டின் திறந்த தரவுத் தளமான 'டேட்டா.கவ்.மை' வானிலை முன்னறிவிப்பை நிரல்களே நேராகக் கேட்டு வாங்கும்படி வைத்திருக்கிறது. அதில் பழகிப் பார்.

'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற துணை நூலகத்தைப் பயன்படுத்துகிறாய். அதற்கு எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்று நீ சொல்லாவிட்டால், பதில் வராத இடத்தில் அது காத்துக்கொண்டே கிடக்கும். 'டைம்அவுட்' 10 என்று போட்டுவிடு.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 200 வந்துவிட்டது, ஆனாலும் அட்டவணை கிடைக்கவில்லை. உலாவியில் திறந்தால் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நிரல் தேடினால் இல்லை என்கிறது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கட்டளைகளை மாற்றி மாற்றி எழுதுகிறார்களே தவிர, கைக்கு வந்தது என்ன என்று பார்ப்பதில்லை. 'பிரிண்ட்' போட்டு, வந்த பக்கத்தின் முதல் 500 எழுத்துகளையும், அட்டவணை இருக்க வேண்டிய இடத்தையும் திரையில் கொட்டிப் பார்.

விருந்துக்குப் போகிறோம். முதலில் இலை போடுவார்கள், பிறகு சோறு வரும். இக்காலத்தில் பல இணையப் பக்கங்கள் அப்படித்தான். முதலில் வருவது வெறும் இலை. அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல் உலாவிக்குள் ஓடி, எண்களை வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து பரிமாறுகிறது. உன் பைத்தான் நிரலோ இலை போட்டதுமே எழுந்து வந்துவிடுகிறது. அது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. சோறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க, கணினியில் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்து. 'நெட்வொர்க்' என்ற பகுதியில் எந்தெந்த விலாசத்திலிருந்து என்னென்ன வந்தது என்று வரிசையாகத் தெரியும். பல வேளைகளில் எண்கள் மட்டும் சுத்தமாக 'ஜேசன்' வடிவத்தில் வரும் விலாசம் அங்கே இருக்கும். நிரல்கள் அதைக் கேட்க அனுமதி உண்டா என்று தளத்தின் விதிகளைப் பார்த்துவிட்டு அதையே கேள்.

'நன்டைப்' என்று தொடங்கும் பிழையும் இதன் தம்பிதான். 'பியூட்டிஃபுல் சூப்' நூலகத்திடம் ஓர் அட்டவணையைத் தேடச் சொன்னாய். அது 'ஒன்றும் இல்லை' என்று வெறுங்கையை நீட்டியது. நீ அதைக் கவனிக்காமல், அந்த ஒன்றுமில்லாததன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாய். முதலில் கிடைத்ததா என்று பார், பிறகு திற.

மட்டம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது இன்னும் எண் ஆகவில்லை, எழுத்துதான். எழுத்தாகவே ஒப்பிட்டால் கணினிக்கு 10.2 என்பது 9.8ஐவிடச் சிறியது, ஏனென்றால் அகராதி வரிசையில் 1 முன்னே, 9 பின்னே. ஆறு ஏற ஏற இறங்குவதாகச் சொல்லும்! 'ஃப்ளோட்' போட்டு எண்ணாக்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் 'மீ' என்றோ ஒரு கோடோ இருந்தால் அது மறுக்கும். கண்ணுக்கு எதுவுமே தெரியாமலும் மறுக்கலாம். அகலமே இல்லாத இடைவெளி என்று ஓர் எழுத்து உண்டு. 'ஸ்ட்ரிப்' கட்டளைக்கும் அது அசையாது. 'ரெப்ர்' என்ற கட்டளையோடு அச்சிட்டால் ஒளிந்திருப்பது வெளியே வரும்.

மட்டத்தோடு அதை அளந்த நேரத்தையும் எடுத்துக்கொள். மூன்று மணி நேரத்துக்கு முந்தைய அளவு, அளவே அல்ல. இலவச 'கோலேப்' தளத்தில் நிரலை ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. நம் நேரத்துக்கு 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

இரண்டாவது கடிதம் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, இரண்டாம் படிவத் தங்கை எழுதியது. ஓர் இணையப் பக்கத்தில் எந்தத் தமிழ்ச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண விரும்பியிருக்கிறார். நிரல் 'அம்மா' என்ற சொல்லை 'அம', 'ம' என்று இரண்டு துண்டாக்கிக் கொடுத்ததாம். "நம் மொழி கணினிக்குப் புரியாதா சார்?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் அந்த வரி சற்று அழுத்தியே எழுதப்பட்டிருக்கிறது.

புரியும் அம்மா, நன்றாகவே புரியும். யூனிகோடு முறையில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். 'க' 2965-ஆம் இடத்தில் இருக்கிறது. புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம். எனவே 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். நீ சொற்களைப் பிரிக்கப் பயன்படுத்திய, பின்சாய்கோடும் 'டபிள்யூ'வும் சேர்ந்த அடையாளம், பைத்தானில் எழுத்தையும் இலக்கத்தையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். புள்ளியையும் காலையும் அது எழுத்து என்று கருதாமல் குறி என்று கருதி அங்கே வெட்டிவிடுகிறது. நம் மொழி புரியாததால் வந்த வினை அல்ல. அந்த அடையாளத்தை அமைத்தவர்கள் நம்மை நினைத்துக்கொள்ளாததால் வந்தது. அதற்குப் பதில் தமிழ் எல்லை முழுவதையும், பதினாறடிமான எண்ணில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, சதுர அடைப்புக்குள் கொடுத்துவிடு. சொல் முழுசாக வரும். எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல் எண்ண 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகமும் இலவசமாகக் கிடைக்கிறது.

அதன் பிறகும் கணக்கு இடிக்கலாம். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள். அந்த 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அதாவது 3018 என்று வைக்கலாம். கொம்பு 3014, கால் 3006 என்று பிரித்தும் வைக்கலாம். திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'யூனிகோட்டேட்டா' என்பதிலுள்ள 'நார்மலைஸ்' கட்டளையில் 'என்எஃப்சி' என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். எண்ணுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தை எடுத்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வருகிறதா? பயப்படாதே, பக்கம் கெடவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். எதிர்முனை இன்ன முறை என்று சொல்லாமல் விட்டால், 'ரிக்வெஸ்ட்ஸ்' அதை ஐரோப்பிய எழுத்து என்று எண்ணி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கிறது. 'என்கோடிங்' என்பதை யூடிஎஃப்-8 என்று நீயே சொல்லிவிடு.

வெறும் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி வந்தால் அது வேறு கதை. அந்தப் பக்கம் யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு வழி. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க உழைத்தவர்களில் நம் நாட்டு முத்து நெடுமாறனும் ஒருவர். அவருடைய 'முரசு அஞ்சல்' மென்பொருள் இங்கே பிறந்ததுதான். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை 'டிஸ்கி' முறையில் வெளியிட்டது. பிறகு யூனிகோடுக்கும் மாற்றியது. பழைய முறையில் உள்ளதை மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு எண்ணு.

இன்னும் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. எதிர்முனை அனுப்பிய மூன்று இலக்க எண், பிழைச் செய்தியின் கடைசி வரி, கைக்கு வந்த பக்கத்தின் முதல் பத்து வரி ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கைத்தொலைபேசியிலேயே 'பைட்ராய்டு' போட்டு எழுதிப் பழகலாம். எஃப்12 வேலைக்கு மட்டும் பள்ளிக் கணினி அறையையோ நூலகத்தையோ நாட வேண்டியிருக்கும்.