வரி பூஜ்யம், சூப்பர்வைசர் அதே ஆள்

விடியும் முன் வன்னியம்பட்டி விலக்கில் நின்றால், ராஜபாளையம் பக்கத்து ஸ்பின்னிங் மில்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்களைப் பார்க்கலாம். என் சித்தி பத்து வருடம் அப்படிப் போனவர். யார் சூப்பர்வைசர், யார் கழிவுப்பஞ்சு அள்ளுபவர் என்பதை அவரவர் தெருவை வைத்தே சொல்லிவிடலாம் என்பார்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே 12 சதவீதம் வரை இருந்த சுங்கவரியை இது நீக்குகிறது. ஏற்றுமதி கூடினால் வேலை கூடும், மறுக்கவில்லை. காட்டு வேலைக்காகச் சம்சாரி வீட்டு வாசலில் நின்ற தலைமுறைக்கு மில் சம்பளம் பெரிய விஷயம்தான்.

ஆனால் இவை சீர்திருத்தத்தையும் கொண்டுவரும் என்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். தொழிலாளருக்கென ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் அது தகராறு தீர்க்கும் ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. மீறல் நடந்தால் இரு அரசுகளும் பேசிக்கொள்ளலாம், அவ்வளவே. “அப்போ நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?” என்று கேட்டார் சித்தி.

வேறு மாதிரியும் எழுத முடியும். 2020இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட ஒரு ஆலையின் மீதே புகார் கொடுக்கலாம். மெக்சிகோவின் சிலாவோ நகர ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மீது 2021இல் அப்படிப் புகார் வந்தது. தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுப் பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். 2022இல் சுயேச்சையான சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வரிச்சலுகை பறிபோகும் என்ற பயம் செய்த வேலை அது.

இங்கே நடந்ததை நாம் போதுமான அளவு பேசவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆலை நிர்வாகத்தோடு எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்பட்டது. பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. அதை மேசையில் வைத்தவர்கள் தொழிலாளிகள். டெல்லியோ லண்டனோ அல்ல.

வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் ஐஎல்ஓவின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960லேயே ஏற்றுவிட்டது. சங்கம் சேரும் உரிமைக்கான 87, கூட்டுப்பேரத்துக்கான 98 இரண்டையும் இன்றுவரை ஏற்கவில்லை. அடுத்த வர்த்தக ஒப்பந்தப் பேச்சில் நம் தரப்பு கேட்க வேண்டியது இவைதான்: அந்த இரண்டும் ஏற்கப்பட வேண்டும், சாதி என்ற சொல் பிரதியில் இருக்க வேண்டும், மில் வாசலிலிருந்தே சங்கம் புகார் கொடுக்க வழி வேண்டும்.