கண் இமையில பூசுற கலரும், அதைவிட ஆபத்தான ஒரு ட்யூபும்

1/
இன்னைக்கு ஐ ஷேடோ பத்தி ஒரு இழை. "டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்குறவங்க 5-ஆவது பதிவு வரைக்கும் மட்டும் படிங்க. அதுக்கு மேல உங்க விருப்பம்.

2/
ஜவுளிக்கடையில வேலை பார்க்குற ஒரு பொண்ணு அம்மாவோட வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு மேல் இமையும் சிவந்து, தடிச்சு, தோல் உரிஞ்சு இருந்துச்சு. பல மாசமா அரிப்பு. "கண்ணுல ஏதாவது பூசுறியாம்மா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல டாக்டர்."

3/
அம்மா முந்திக்கிட்டாங்க: "எதையாவது அப்பிக்கிட்டே திரியுறா, சொன்னா கேக்க மாட்டேங்குறா." நானும் யோசிக்காம, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டா. அது என் தப்பு. அந்த ஒரு கேள்வியால பாதி நோய்க்குறிப்பு எனக்குக் கிடைக்காமப் போச்சு.

4/
ரெண்டாவது தடவை தனியா வந்தா. கைப்பையில இருந்து ரெண்டு பொருள் எடுத்து வெச்சா. ஒண்ணு, லேபிளே இல்லாத க்ரீம் ஐ ஷேடோ டப்பா. கடையில நாலு பேர் சேர்ந்து பயன்படுத்துறது. இன்னொண்ணு, சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கின ஸ்டீராய்டு ட்யூப். "இதைத் தடவினா ரெண்டு நாள்ல சரியாயிடும் டாக்டர்."

5/
சரியாகும். ஏன்னா ஸ்டீராய்டு அலர்ஜியை அமுக்கும். ஆனா காரணம் டப்பாவுல அப்படியே இருக்கு. நிறுத்தினா அரிப்பு திரும்ப வரும், திரும்பத் தடவணும். நாலு மாசம் இப்படியே ஓடியிருக்கு. கண் மருத்துவர்கிட்ட அனுப்பினேன். கண் அழுத்தம் கூடியிருந்துச்சு. நல்லவேளை, நரம்பு பாதிக்கிறதுக்கு முன்னாடி பிடிச்சோம்.

6/
இமையில் தொடர்ந்து ஸ்டீராய்டு தடவினால் தோல் மெலியும். மருந்து கண்ணுக்குள்ளும் போய் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்ப வராது. "சிவப்பழகு" க்ரீம் என்று விற்கும் பல ட்யூப்களிலும் ஸ்டீராய்டு இருக்கு. அதை இமைக்குக் கொண்டு போகாதீங்க.

7/
என் கருத்து இதுதான்: மேக்கப் போடுறவங்களைத் திட்டுறதை நிறுத்துவோம். திட்டினா போடுறதை நிறுத்த மாட்டாங்க, மறைப்பாங்க. மறைச்சா டாக்டருக்கு உண்மை தெரியாது. அந்தப் பொண்ணுக்கு பளிச்னு நிக்கிறதும் வேலையில ஒரு பகுதி. கம்மி சம்பளத்துல பாதுகாப்பா எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் குடுக்குறதுதான் மருத்துவம்.

8/
முதல்ல, இமைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிரச்சினை? உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான். கன்னத்தில் ஒண்ணும் செய்யாத பொருள் இமையில் வீக்கம் கொண்டு வரும்.

9/
பூசின உடனே எரிஞ்சா, அது பெரும்பாலும் எரிச்சல். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு அரிப்பு, சிவப்பு, தோல் உரிதல் வந்தா அது தொடு ஒவ்வாமையா இருக்கலாம். "ரெண்டு வருஷமா இதைத்தானே போடுறேன், இப்ப எப்படி அலர்ஜி?"ன்னு கேப்பீங்க. வரும். பல தடவை பட்டதுக்கு அப்புறம் திடீர்னு ஒருநாள் உடம்பு அதை எதிரியா எடுத்துக்கும்.

10/
வழக்கமான குற்றவாளிகள்: வாசனைப் பொருட்கள், கெட்டுப் போகாம இருக்கச் சேர்க்கிற பொருட்கள் (மெதைல்ஐசோதையசோலினோன், டிஎம்டிஎம் ஹைடன்டாயின் மாதிரி), லேனலின், பளபளப்பு நிறமிகளில் கலந்திருக்கும் நிக்கல். இந்தப் பட்டியலை போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

11/
ஒரு ஆச்சரியம். இமை அலர்ஜிக்குக் காரணம் இமையில் பூசினதாவே இருக்கணும்னு இல்ல. நெயில் பாலிஷ் போட்ட விரலால கண்ணைத் தேய்ப்போம். ஹேர் டை, ஷாம்பு வழிஞ்சு வரும். பொய் இமை ஒட்டுற பசை, இமை முடி சுருட்டுற கருவி, ஸ்பாஞ்சோட ரப்பர்கூட காரணமா இருக்கலாம்.

12/
"அப்ப விலை கூடினது வாங்கினா தப்பிச்சுக்கலாமா?" இல்ல. விலை கூடினதுலயும் வாசனை இருக்கும். "ஹைப்போஅலர்ஜெனிக்"னு போட்டிருந்தா? அமெரிக்காவுல அந்த வார்த்தைக்கு 1975-ல எஃப்டிஏ ஒரு விதி கொண்டு வந்துச்சு. கம்பெனிகள் வழக்கு போட்டு 1977-ல அது ரத்தாச்சு. இன்னைக்கும் அங்க அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது.

13/
ஆக, மலிவு குற்றம் இல்ல. லேபிள் இல்லாததுதான் குற்றம். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உட்பொருள் பட்டியல், இவ்வளவும் இருக்கணும். நிறத்துக்காக ஈயம், ஆர்சனிக் கலவைகளைச் சேர்க்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு விதி இருக்கு. பேரே இல்லாத டப்பாவை எந்த விதி கேக்க முடியும்?

14/
சுர்மா பத்தியும் ஒரு வார்த்தை. மரபு வழி சுர்மா பலதும் கலீனா என்கிற கல்லை அரைச்சது. அது ஈய சல்பைடு. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

15/
சரி, காசு கம்மி, க்ரீம் ஐ ஷேடோ மாதிரி வேணும். என்ன செய்யலாம்?
அ) உங்களுக்கு ஏற்கனவே ஒத்துக்கிட்ட பவுடர் ஐ ஷேடோவை, ஈரம் லேசாத் தொட்ட பிரஷ்ஷால எடுத்து அழுத்தி வையுங்க. கலர் எடுப்பா வரும்.

16/
ஆ) வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை அரிசி மணியில பாதி அளவு இமையில தடவி, மேல அதே பவுடர். நம்ம ஊரு வெயிலுக்கு ரொம்ப நேரம் நிக்காது, மடிப்புல சேரும். ஆனா ஒரு ரிசப்ஷனுக்குத் தாங்கும்.
இ) பிரவுன் அல்லது சாம்பல் நிற கண் பென்சிலை இமை மேல கோடு போட்டு விரலால தேய்ச்சு விடுங்க. ஒரே பென்சில்ல ரெண்டு வேலை.

17/
செய்யக் கூடாதது: லிப்ஸ்டிக்கை இமையில பூசாதீங்க. உதட்டுக்கு அனுமதி உள்ள எல்லா சாயமும் கண் பகுதிக்கு அனுமதி உள்ளது இல்ல. கிராஃப்ட் கிளிட்டர் வேண்டாம், ஒரு துகள் விழுந்தா கருவிழியைக் கீறிடும். குங்குமமும் வேண்டாம்.

18/
க்ரீம்தான் வேணும்னா டப்பாவை விட ஸ்டிக் நல்லது, விரல் உள்ளே போகாது. அட்டையில் திறந்த டப்பா படம் போட்டு 6M, 12M-னு இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாசம்தான். மஸ்காரா 3 மாசம். யாரோடயும் பகிராதீங்க. மெட்ராஸ் ஐ ஒருத்தருக்கு வந்து, டப்பா பொதுவா இருந்தா, கடை முழுக்க வரும். கண் நோய் வந்தா அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க.

19/
புதுசு வாங்கினா நேரா கண்ணுக்குப் போகாதீங்க. முழங்கையின் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவு, காலை மாலை ரெண்டு வேளை, 7 நாள். ஒண்ணும் வரலைன்னா இமையில ஆரம்பிங்க. இது முழு உத்தரவாதம் இல்ல, ஆனா பல பேரைக் காப்பாத்தும். கல்யாணத்துக்கு முதல் நாள் புதுப் பொருள் வேண்டவே வேண்டாம்.

20/
வீங்கிடுச்சா? எல்லா மேக்கப்பையும் நிறுத்துங்க. கான்டாக்ட் லென்ஸைக் கழட்டுங்க. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணியில நனைச்சு வையுங்க. தேய்க்காதீங்க. பழைய ட்யூபைத் தேடாதீங்க. டாக்டர்கிட்ட போகும்போது பூசின எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.

21/
கண் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தா கூச்சம், சீழ் இருந்தா அன்னைக்கே கண் மருத்துவர். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே 108.
திரும்பத் திரும்ப வந்தா தோல் மருத்துவர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பத்திக் கேளுங்க. முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுத்து, அப்புறமும் ஒரு தடவை பார்ப்பாங்க.

22/
அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்கா. பேட்ச் டெஸ்ட்ல வாசனைப் பொருள்னு தெரிஞ்சுச்சு. இப்ப ஒரு பிரவுன் பென்சில் மட்டும், அதுவும் அவளோடது மட்டும். போன தடவை வந்தப்ப, "கண்ணு நல்லா இருக்கும்மா"ன்னேன். சிரிச்சா.
உங்க வீட்டுல யாராவது கண்ணைக் கசக்கிக்கிட்டு இருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி கைப்பையில என்ன இருக்குன்னு அன்பா கேளுங்க.