ஊதா நிறம் கற்பித்த பாடம்



சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற ஆலங்குளத்தில், ஒரு திருவருகைக் காலம் தொடங்குவதற்கு இரு நாட்களுக்கு முன் நடந்தது இது. மூன்று ஊதா மெழுகுதிரிகளும் ஒரு ரோஜா நிற மெழுகுதிரியும் நிற்கும் வளையத்தைக் கோவிலுக்கென ஒரு பலகையில் தீட்டும் பணியை, சித்திரத்தில் ஆர்வமுள்ள சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்திருந்தோம். அக்ரிலிக் வர்ணங்களை நாமே வாங்கித் தந்தோம்: சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோமே. அதைத் தனியே வாங்குவானேன் என்பது நம் எண்ணம்.

மாலையில் சென்று பார்த்தபோது, தட்டில் இருந்தது ஊதா அன்று; வதக்கிய கத்தரிக்காயின் நிறம். வர்ணமோ பாதி தீர்ந்திருந்தது. "கவனமின்றிப் பாழாக்கிவிட்டாயே!" என்று கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, தலைகுனிந்தவாறு வீடு சென்றான்.

அன்றிரவு சிவகாசியில் அச்சுத்தொழில் செய்யும் அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். செய்தியைக் கேட்டதும் சிரித்தார்.

"சாமி, வண்ணப் படம் அச்சடிக்க நாங்கள் சிவப்பு மை வைப்பதே இல்லை. இளநீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள்தாம். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் காலண்டரில் சிவப்பாகத் தெரிகிறது."

அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. நாம் வாங்கித் தந்தது மஞ்சள் சாயல் கொண்ட செந்தூரச் சிவப்பு. மஞ்சள் சாயல் நீலத்தோடு சேர்ந்தால் ஊதாவின் ஒளி மங்கிவிடும். சிறுவன் கலந்ததில் தவறில்லை. நாம் கொடுத்ததில்தான் தவறு.

மறுநாள் இராஜபாளையத்தில் மெஜந்தா வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே சென்றோம். தாயார் முன்னிலையில், "பிழை எம்முடையது, தம்பி" என்றோம். அவன் முகம் மலர்ந்தது.

மெஜந்தாவுடன் நீலத்தைக் கலந்தான். தெளிவான ஊதா வந்தது. உடனே தீட்டச் சொன்னோம். அவனோ, ஒரு காகிதத்தில் சிறிது பூசிக் காயவிட்டான். "காய்ந்தால் கொஞ்சம் கருக்கும் சாமி" என்றான். உண்மைதான். இவ்வர்ணத்தைப் பிணைக்கும் பசை ஈரத்தில் பால்போல் வெண்மையாக இருக்கும்; நீர் வற்றியதும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அந்த வெண்மை மறைய, நிறம் சற்று அடர்ந்து தோன்றும். ஆகவே ஈரத்தில் கண்டதை நம்பித் தீர்ப்பிடலாகாது. ரோஜா நிறத்திற்கு, மெஜந்தாவில் வெள்ளையைக் கொட்டாமல், வெள்ளையில் மெஜந்தாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்தான். வர்ணமும் மிஞ்சிற்று.

ஞாயிறு காலை பலகை கோவிலில் நின்றது. பார்த்தோர் அனைவரும் சிறுவனைப் பாராட்டினர்.

பெற்றோரே, பிள்ளைகளின் வேலை கெட்டதென்று கடியுமுன், அவர்கள் கையில் நாம் கொடுத்தது என்னவென்று ஒருமுறை பார்ப்போமாக.