இடம் இல்லை, மாமா!

என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது தங்கச்சிமடத்தில். பெயர்ப் பொருத்தம் அப்படி! ராமேசுவரம் போகும்போதெல்லாம் நடுவில் அங்கே இறங்கி, ஒரு வேளை மீன் குழம்பு சாப்பிடாமல் நான் திரும்புவது கிடையாது.

சென்ற மாதம் போனபோது குழம்பு மணக்கவில்லை. தங்கை அடுப்படியில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை, ஒன்பதாம் வகுப்புக்காரன், திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்பிள்ளை, என்ன சமாசாரம்?"

"கேம் ஏத்த போன்ல இடம் இல்லை, மாமா. பெரிசா இருந்த வீடியோவை எல்லாம் அழிச்சேன்..."

அழிந்தவற்றில் எங்கள் ஐயா இருந்தார். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டே, வாடையில் கடல் எப்படி, கச்சானில் எப்படி என்று அவர் பேசிய மூன்று வீடியோக்கள் அந்தப் போனில் இருந்தன. இரண்டு போய்விட்டன. அழித்தவற்றைச் சில வாரம் வைத்திருக்கும் குப்பைத் தொட்டி ஒன்று பல போன்களில் உண்டு. பையன் மகா கெட்டிக்காரன். அதையும் காலி செய்திருந்தான்!

சிறுவனைக் கோபித்து என்ன பயன்? இந்த விளையாட்டுகள் அப்படி எவ்வளவு இடம்தான் கேட்கின்றன என்று விசாரித்தேன். தலை சுற்றியது.

1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு. அன்றைய சிக்கனத்தைப் பாருங்கள்: வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். அக்காள் பாவாடைக்குச் சாயம் போட்டுத் தங்கைக்குக் கட்டிவிடுகிற குடும்பத் தந்திரம்!

2023-ல் கணினிக்கு வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கேட்கும் இடமோ 150 ஜி.பி. அந்த மாரியோவைப் போல் 35 லட்சத்துக்கு மேல் அதில் அடைக்கலாம். தினம் ஒன்றரை ஜி.பி. கிடைக்கிற திட்டத்தில் அதை இறக்க 100 நாள் வேண்டும். கைபேசி ஆட்டங்களும் சளைத்தவை அல்ல. 'கென்ஷின் இம்பாக்ட்' 20 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. '4கே' என்கிற துல்லியப் படத்தில், முந்தைய முழு எச்.டி. படத்தைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். பேச்சோ பல பாஷைகளில். சரி, நியாயம்தான். ஆனால் பெருத்திருப்பதெல்லாம் சரக்குதானா?

இதை எங்கள் ராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத 48 மடை' என்பார்கள், அவ்வளவு பெரியது. ஆனால் எந்தக் கண்மாயிலும் கரைக்குள் இருப்பதெல்லாம் தண்ணீர் அல்ல. அடியில் வண்டல் உண்டு. வாரினால்தான் தெரியும்.

ஸ்வீடன் தேசத்து ஆரோஹெட் கம்பெனியின் 'ஹெல்டைவர்ஸ் 2' 2024-ல் வெளியானது. பின்னர் அது கணினியில் 154 ஜி.பி. வரை வீங்கியது. பழைய ஹார்டு டிஸ்கில் தட்டு சுழலும். முள் அங்குமிங்கும் ஓடித் தேடும். அந்த ஓட்டத்தைக் குறைக்க, ஒரே சரக்கைப் பல இடங்களில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பழைய டிஸ்க்காரர்களுக்கு ஆட்டம் திறக்கப் பத்து மடங்கு நேரம் ஆகுமோ என்று பயம். 2025 டிசம்பரில் துணிந்து நகல்களை வாரி எறிந்தார்கள். மிஞ்சியது சுமார் 23 ஜி.பி.! தாமதமோ சில விநாடிகள்தான். ஆறில் ஐந்து பங்கு வண்டல்!

அந்த ஆட்டம் வேறு, எங்கள் பையன் ஏற்றிய ஆட்டம் வேறு. ஆனால் இதில் எவ்வளவு வண்டல் என்று யார் அளந்தார்கள்? பெரிய பெட்டி வைத்திருப்பவனுக்கு இது கவலையே இல்லை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் சின்னப் போன் என்றால், எங்கோ தூர் வாரச் சோம்பல்பட்டவர்களுக்காக எங்கள் ஐயா போன்றவர்கள் இடம் காலி செய்ய வேண்டியிருக்கிறது.

எனவே வாசகர்களே, முதல் காரியமாக உங்கள் வீட்டுக் குரல்களையும் முகங்களையும் போனுக்கு வெளியே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். இந்த நகல் வண்டல் அல்ல.

மிஞ்சிய ஒரு வீடியோவை அன்றே இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். இரவு மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். தங்கை மூக்கை உறிஞ்சினாள். பையன் மெதுவாகக் கேட்டான்:

"இது எத்தனை எம்.பி., மாமா?"

"300கூட இல்லை."

"இவ்வளவுதானா?" என்றான். பிறகு பேசவில்லை.

ஐயா உயிரோடு இருந்தபோதும் அதிக இடம் கேட்டவர் அல்ல. அந்தத் திண்ணையில் ஒரு பாய் அகலம் போதும் அவருக்கு.