வெள்ளத்துக்கு ருஜு எது?

உலகத்தை ஒருகாலத்தில் வெள்ளம் மூடிற்று என்று மதவாதிகள் சொல்லுகின்றார்கள். புராணிகர் மச்சாவதாரம் என்பார். பாதிரியார் நோவாவின் பேழை என்பார். ருஜு எங்கே என்றால் இருவரும் புஸ்தகத்தையே காட்டுவார்கள். மண்ணே ருஜுவாயிருக்கும் வேறொரு வெள்ளத்தை நாம் காட்டுகின்றோம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்தின் கீழ்ப்பாகத்தில் ஆறில்லாத பெரும் பள்ளத்தாக்குகளும், நீர் விழாத அருவிப் பாறைகளும் இருக்கின்றன. இவை பெருவெள்ளம் அறுத்தவை என்று பிரெட்ஸ் என்னும் பூமி ஆராய்ச்சிக்காரர் 1923-ல் எழுதினார். பண்டிதர்கள் 1927-ல் சபை கூடி அவரை மறுத்தார்கள். வெள்ளம் என்றதும் நோவா கதையின் வாடை வீசியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் “அவ்வளவு தண்ணீர் ஏது?” என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே.

பார்டீ என்பவரின் ஆராய்ச்சி அதற்குப் பதில் தந்தது. பனி யுகத்தில் ஒரு பனிப்பாளம் நகர்ந்துவந்து ஆற்றை மறித்து, சுமார் 2,000 அடி உயர அணையாய் நின்றது. பின்னால் மிஸௌலா ஏரி தேங்கிற்று. நீர் ஏறவே அணை உடைந்து, ஏரி சில தினங்களில் வடிந்தது. மறுபடியும் பனி மறித்தது, மறுபடியும் உடைந்தது. இப்படிப் பல பத்துத் தடவை நடந்தது. ஆற்று மணலில் விரலளவு காணும் அலைவரி அங்கே வீட்டுயரம் நிற்பதை 1940-ல் பார்டீ எடுத்துக்காட்டினார்.

அவ்வெள்ளங்களின் வண்டலில், கென்னவிக் நகருக்கருகே, சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முந்திய மாமூத் யானையின் எலும்புகள் 1999-ல் அகப்பட்டன. எலும்பை மதக்கண்ணால் பார்த்தால் என்னாகும்? 1726-ல் ஷாய்க்ஸர் என்பவர் ஓர் எலும்புக்கூட்டை நோவா வெள்ளத்தில் செத்த மனிதன் என்றார். 1811-ல் குவியே அதைச் செதுக்கிப் பார்த்தார். அது தவளைக்கு உறவான சாலமாண்டர் என்னும் பிராணி!

ஆகவே மதக்காரர் இதைத் தமக்குச் சாட்சியாக்க இடமில்லை. அவர்கள் வெள்ளம் ஒன்று, உலகமெங்கும், தேவகோபத்தால் வந்தது. மண் சொல்லும் வெள்ளம் பல, ஒரு பிரதேசத்தில், பனி உடைந்ததால் வந்தவை.

நம்மவர்க்கும் இதில் ஒரு பாடமுண்டு. மதக்காரன் சொல்லும் கதையைப் போலிருக்கின்றது என்பதற்காகவே ஒரு விஷயத்தைத் தள்ளிவிடுவது பகுத்தறிவாகாது. கொள்ளுவதானாலும் தள்ளுவதானாலும் ருஜுவைப் பார்த்தே செய்யவேண்டும்.

1965-ல் பல நாட்டு ஆராய்ச்சிக்காரர் அவ்விடத்தைச் சுற்றிப்பார்த்து, பிரெட்ஸ் சொன்னதே சரியென்று அவருக்குத் தந்தியடித்தார்கள். 1979-ல், அவருடைய தொண்ணூறு கடந்த வயதில், அமெரிக்கப் பூமி ஆராய்ச்சிச் சங்கம் தன் பெரிய பதக்கமாகிய பென்ரோஸ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. பண்டிதர்கள் தோற்றார்கள்; விஞ்ஞானம் தோற்கவில்லை. தன் வேதத்தில் ஒரு வரி தப்பென்று காட்டினவனுக்குப் பதக்கம் கொடுத்த மதம் எது என்று கேட்கின்றோம்.